காலையில் 24, மாலையில் 30: மீன் தொட்டியின் சூடு ஏன் நிலையாக நிற்பதில்லை?

நீங்கள் கேட்டது இதுதான். கோவையில் வீடு, படுக்கையறையில் இரண்டடி மீன் தொட்டி, அதில் எட்டு நியான் டெட்ரா, இரண்டு குட்டி ஏஞ்சல், நான்கு கோரிடோரஸ். ஏப்ரல் மாதம். காலையில் பார்த்தால் தண்ணீர் 24 டிகிரி, மாலையில் 30. இப்போது டெட்ராக்களின் துடுப்பில் ரவை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன. ஒரு கடைக்காரர் "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரா?" என்று சிரிக்கிறார், இன்னொருவர் 300 வாட் ஹீட்டரை எடுத்து நீட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். போகிற போக்கில் நீங்களே ஒரு வரி எழுதியிருந்தீர்கள், "ராத்திரி முழுக்க ஏசி 22-ல் ஓடும்" என்று. விஷயமே அங்கேதான் இருக்கிறது. மார்கழிக் குளிரில்கூட உங்கள் ஊரில் வீட்டுக்குள் இருக்கிற தண்ணீர் ஒரே ராத்திரியில் ஆறு டிகிரி இறங்காது. சித்திரை வெயிலில் ஏசி போட்ட அறையில் இறங்கும். பகலில் அறை 32, 33 என்று கொதிக்கிறது, இரவு ஒன்பது மணி நேரம் 22-க்கு வருகிறது, மறுபடி கொதிக்கிறது. தொட்டி பாவம் இரண்டுக்கும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் கோடையில்தான் உங்களுக்கு ஹீட்டர் தேவை. கேட்கத் தலைகீழாகத் தெரியும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிடலாம், பின்னால் வாட் கணக்குக்கும் இதுவே உதவும். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டி என்றால் விளிம்புவரை 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும். கல், மணல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக 45 முதல் 50 லிட்டர் தண்ணீர்தான் உள்ளே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும், அப்படியானால் 50 லிட்டருக்கு 210. இந்த அளவு தொட்டி, சுற்றியிருக்கும் காற்றைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால் கண்ணாடி வழியாகவும் மேல்பரப்பு வழியாகவும் ஏறத்தாழ ஏழு வாட் அளவுக்குச் சூட்டை இழக்கும். மூடி இருக்கிறதா, காற்று எப்படி அடிக்கிறது என்பதைப் பொறுத்து இது கூடக் குறைய இருக்கும், ஆனால் கணக்குப் போட ஏழு போதும். இதை வைத்துப் பார்த்தால் அறையின் சூடு சட்டென்று மாறினால் எட்டு மணி நேரத்தில் தண்ணீர் அந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்துவிடும். 30-ல் இருந்து காலையில் 24 என்று நீங்கள் பார்த்தது அச்சு அசலாக இதேதான். தெர்மோமீட்டர் பழுதாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் சோதிக்கிற வழியைக் கீழே சொல்கிறேன்.

இதே அறையில் நான்கடித் தொட்டி இருந்தால் ஆட்டம் நன்றாகவே குறைந்திருக்கும். தண்ணீர் கூடக் கூட அது சூடாகவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று கடையில் சொல்வார்கள். சூட்டைப் பொறுத்தவரை அது பொய்.

சரி, இந்த ஆறு டிகிரி ஆட்டம் மீனை என்ன செய்யும்? மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு தனியாகக் கிடையாது, தண்ணீர் எதுவோ அதுதான் அதன் சூடு. பத்து டிகிரி கூடினால் உடம்பின் இயக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் மாலையில் அது வேகமாக மூச்சு வாங்கும், பசிக்கும், காலையில் மந்தமாகக் கிடக்கும், ராத்திரி தின்றது சரியாகச் செரிக்காது. தினமும் இப்படி இழுத்து இழுத்து விட்டால் நோய் எதிர்ப்பு குறைந்துபோகிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் பலர் பயமுறுத்துவதுபோல அரை டிகிரி மாறினால் மீன் செத்துவிடாது. காட்டு ஓடைகளிலும் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் உண்டு. மெதுவாக நடக்கிற இரண்டு டிகிரி மாற்றத்துக்கு நான் கவலைப்படவே மாட்டேன். தினம் ஆறு டிகிரி என்பதும், தண்ணீர் மாற்றும்போது ஐந்து நிமிடத்தில் நான்கு டிகிரி என்பதும்தான் ஆபத்து.

சூடு கூடும்போது இன்னும் இரண்டு வேலை நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஒன்று, ஆக்சிஜன். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் அளவுக்குக் கரையும், 30 டிகிரியில் 7.5-தான். மீனுக்கு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் தண்ணீரில் குறைவாக இருக்கிறது. இன்னொன்று அம்மோனியா, மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து வருவது. தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8 என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஐந்து பங்கு சொச்சம் விஷமான வடிவத்தில் இருக்கும், 30 டிகிரியில் அது ஏழரையைத் தொடும். ஆகவே வெயில் காலத்தில் தீனியைக் குறையுங்கள். நேற்று வரை தாங்கிய அழுக்கை இன்றைக்குத் தண்ணீர் தாங்காமல் போகலாம்.

இப்போது வெள்ளைப் புள்ளி. முதலில் இதைத் தீர்க்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இது இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, பொதுவாக "இக்" என்பார்கள். புள்ளியாகத் தெரிவது மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் கட்டம். அப்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று முடித்ததும் கீழே விழுந்து, மணலில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி, அந்தக் குட்டிகள் நீந்தி வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். அந்த நீந்துகிற கட்டத்தில்தான் மருந்து வேலை செய்யும். சூடு கூடினால் இந்தச் சுற்று வேகமாகும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் சூட்டை ஏற்றச் சொல்கிறோம்.

ஹீட்டர் வந்ததும் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக 30-க்குக் கொண்டுபோய், இரவும் பகலும் அங்கேயே நிறுத்துங்கள். ஏர் பம்பைக் கூடுதலாகப் போடுங்கள், இது கட்டாயம், மேலே சொன்ன ஆக்சிஜன் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மணலைக் குழாய் வைத்து உறிஞ்சிவிடுங்கள், விழுந்த ஒட்டுண்ணிகளில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஐந்து நாளாவது இப்படியே தொடர வேண்டும். புள்ளி காணாமல் போன மறுநாளே நிறுத்தினால் அடுத்த வாரம் மறுபடி வரும். சூடு மட்டுமே எல்லா நேரமும் போதும் என்று சொல்ல முடியாது, சில வகை இக் 30 டிகிரியையும் தாங்கும். மலக்கைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் கலந்த மருந்து போடுவதென்றால் ஃபில்டரில் கார்பன் இருந்தால் (அது மருந்தை உறிஞ்சிவிடும்) எடுத்துவிட்டு, டெட்ராவும் கோரிடோரஸும் இருப்பதால் அட்டையில் அந்த வகைகளுக்கு என்று குறைத்துப் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், கறை போக நாளாகும், உடம்புக்கும் நல்லதில்லை.

தெர்மோமீட்டர் விஷயம். கண்ணாடிக்கு வெளியே ஒட்டுகிற ஸ்டிக்கர் தண்ணீருக்கும் அறைக்கும் நடுவில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், ஏசி ஓடும்போது தண்ணீரைவிடக் குறைத்தே காட்டும். அதை நம்பி ஹீட்டரை ஏற்றாதீர்கள். உள்ளே போடுகிற கண்ணாடித் தெர்மோமீட்டரோ, ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டலோ வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிறையப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, இரண்டு நிமிடம் கழித்து நுனியை நடுவில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். இன்னொரு வழி, வெதுவெதுப்பான தண்ணீரில் வீட்டிலிருக்கும் காய்ச்சல் தெர்மோமீட்டரையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. காய்ச்சல் தெர்மோமீட்டர் 37 டிகிரிப் பக்கத்தில் மிகச் சரியாக இருக்கும். நமக்கு வேண்டியது 27, 28 என்பதால் பூஜ்யத்தைவிட இந்தச் சோதனைதான் பக்கத்தில் இருக்கிறது. பாரன்ஹீட்டில் காட்டினால் 98.6 என்பது 37. எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறதோ அதைத் தொட்டி மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் போதும், தூக்கிப் போட வேண்டியதில்லை.

அதை வைத்து ஒரு வாரம் மூன்று வேளை குறியுங்கள்: காலையில் ஏசியை அணைக்கும்போது, மதியம் மூன்று மணிக்கு, படுக்கப் போகும்போது. தண்ணீரோடு அறையின் சூட்டையும் சேர்த்து எழுதுங்கள். இதைச் செய்யாமல் ஹீட்டர் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைக்கிற கதைதான்.

அடுத்தது எந்த எண்ணில் நிறுத்துவது என்பது. புத்தகத்தில் "வெப்பமண்டல மீன்களுக்கு 25" என்று போட்டிருக்கும், அது குளிர் நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது. அங்கே அறை 20-ல் இருக்கும், 25-க்கு ஏற்றினால் முடிந்தது. உங்கள் அறை மதியம் 32. ஹீட்டரை 25-ல் வைத்தால் ராத்திரி 25, பகலில் 30, ஆட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், கரண்ட் பில் மட்டும் கூடும். ஹீட்டரால் தண்ணீரைக் கீழே விழாமல் பிடிக்க முடியும், மேலே போகாமல் பிடிக்க முடியாது. ஆகவே பகலில் எந்த எண்ணுக்குக் கீழே உங்களால் இறக்க முடியாதோ, அதற்கு ஒன்றரை டிகிரிக்குள் ஹீட்டரை வையுங்கள். கோடையில் உங்களுக்கு அது 27 என்று வரும், ஏன் என்று கீழே மின்விசிறிப் பகுதியில் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்து பகல் சூடு தணிந்ததும் 25-க்கு இறக்கிக்கொள்ளலாம், ஒரே நாளில் இறக்காமல் வாரத்துக்கு ஒரு டிகிரியாக.

27 நியான் டெட்ராவுக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதன் சௌகரியம் 21-ல் இருந்து 26 வரை. கோரிடோரஸிலும் பெப்பர் கோரி போன்றவை குளிர்ச்சியை விரும்புகிறவை. இருக்கிற மீனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அவை 27-ல் வாழும். ஆனால் அடுத்த முறை வாங்கும்போது நியானுக்குப் பதில் கார்டினல் டெட்ரா, பெப்பருக்குப் பதில் ஸ்டெர்பாய் கோரி என்று போங்கள், இரண்டும் 28-ல் சந்தோஷமாக இருக்கும். கார்டினல் பார்க்கவும் நியானைவிட அழகு, சிவப்பு தலையில் இருந்து வால் வரை ஓடும். தமிழ்நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு: சென்னை கொளத்தூர்ப் பக்கம் சிமெண்ட் தொட்டிகளில் வளர்கிற கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை, சூட்டுக்கு அவ்வளவு அலட்டிக்கொள்ளாது. தங்க மீன் மட்டும் வேண்டாம். அது குளிர்ந்த தண்ணீர் மீன், ஏஞ்சலோடு ஒரே தொட்டியில் போட்டால் இரண்டில் ஒன்று கஷ்டப்படும்.

ஏஞ்சல் என்றதும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டி ஏஞ்சல் இரண்டும் உள்ளங்கை அளவு வளர்ந்ததும் உங்கள் நியான்களை ராத்திரியோடு ராத்திரியாக ஒவ்வொன்றாக முழுங்கும். ஓரடி உயரத் தொட்டி அவற்றுக்குப் போதவும் போதாது.

ஹீட்டருக்கு வருவோம். மேலே சொன்ன ஏழு வாட் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 27, அறை 22, ஆவியாவதால் வரும் குளிர்ச்சியையும் சேர்த்தால் ஆறு டிகிரி வித்தியாசம், ஆக 42 வாட். 50 வாட் ஹீட்டர் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடும், 75 அல்லது 100 நிதானமாக ஓடும். 300 எதற்கு? அதிகமாக இருந்தால் என்ன, தெர்மோஸ்டாட்தான் அணைத்துவிடுமே என்று தோன்றும். அணைக்காமல் போகிற நாளில்தான் வித்தியாசம் தெரியும். சாதாரண ஹீட்டருக்குள் இருப்பது சூட்டில் வளைகிற ஒரு இரட்டை உலோகத் தகடு. அது தொடும்போது கரண்ட் பாயும், வளைந்து விலகும்போது நிற்கும். தொடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மிகச் சின்னப் பொறி பறக்கும். வருடக்கணக்கில் இப்படி நடந்து ஒருநாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது. அன்றைக்கு 50 லிட்டர் தண்ணீரில் 300 வாட் இருந்தால் முதல் மணி நேரத்திலேயே ஐந்து டிகிரி ஏறும், நீங்கள் அலுவலகத்தில் இருந்து வருவதற்குள் தொட்டி குழம்பாகிவிடும். 50 வாட் என்றால் மணிக்கு ஒரு டிகிரிகூட ஏறாது, ஏசி ஓடும் இரவில் 28, 29-க்கு மேல் போகவே முடியாது.

அதனால் நான் சொல்வது, 100 வாட்டில் ஒன்று வாங்குவதற்குப் பதில் 50 வாட்டில் இரண்டு வாங்குங்கள், ஆளுக்கு ஒரு முனையில். ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் 300 வாட் மாதிரி சட்டென்று மீனை வேகவைக்காது, ஒன்று எரியாமல் போனாலும் இன்னொன்று விடியும்வரை தாங்கும். இதற்கு மேல் ஒரு காவல் வேண்டுமென்றால் தொட்டிக்கு வெளியே வைக்கிற டிஜிட்டல் தெர்மோஸ்டாட் கிடைக்கிறது, எஸ்டிசி-1000 என்ற மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும். அதன் சென்சாரைத் தண்ணீரில் போட்டு, ஹீட்டர் பிளக்கை அதன் வழியாகக் கொடுக்க வேண்டும். ஹீட்டரின் சொந்தத் திருகை 28-லும் வெளித் தெர்மோஸ்டாட்டை 27-லும் வைத்தால் வழக்கமான வேலையை வெளியே இருப்பது பார்க்கும், அது ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது தடுக்கும். இதே கருவியில் குளிர்விக்கிற பக்கம் ஒன்றும் இருக்கிறது, மின்விசிறியை அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒயர் இணைப்புத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டுத் தரச் சொல்லுங்கள், திறந்த முனைகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். சென்சாரைத் தண்ணீருக்குள் நன்றாகப் பிடித்து வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். வழுக்கி வெளியே விழுந்துவிட்டால் அது ஏசிக் காற்றின் 22-ஐப் படித்துக்கொண்டு, தண்ணீர் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். அப்போது 28-ல் நிற்கிற உள்தெர்மோஸ்டாட்தான் காப்பாற்றும்.

ஹீட்டரை மூலையில் செங்குத்தாகச் செருகுவதைவிட ஃபில்டர் தண்ணீர் தள்ளுகிற இடத்துக்கு அருகில், தரைக்குக் கொஞ்சம் மேலே, படுக்கைவாக்கிலோ சாய்வாகவோ ஒட்டுங்கள், முழுதாக மூழ்கும் வகை என்று பார்த்து வாங்கிக்கொண்டு. மணலுக்குள் புதைக்கக் கூடாது. தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம்தான் மட்டத்தை இறக்க வேண்டும். சூடான குழாய் காற்றில் தெரிந்து அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி விரியும். விரிந்த ஹீட்டர் இருக்கும் தொட்டிக்குள் கை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மெயினில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் சுவிட்ச்) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் ஹீட்டருக்கு முன்னால் அதைப் போடுங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் வழியில் ஒரு வளைவு பிளக்கைவிடக் கீழே தொங்க வேண்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பகல் சூடு. இங்கே மண்பானை வேலை செய்யும் அதே வழிதான் நமக்கும் வழி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். 50 லிட்டரில் அது 11 டிகிரிக்குச் சமம், அறை திரும்பத் திரும்பச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடியைத் திறந்து, கிளிப் போட்ட சின்ன மின்விசிறி ஒன்றை தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக அடிக்க வையுங்கள், பழைய கம்ப்யூட்டர் ஃபேனும் போதும். கோவைக் காற்று காய்ந்த காற்று என்பதால் 30-ல் நிற்கிற தண்ணீரை 28 பக்கம் இழுத்துவிடும். ஹீட்டரை 27-ல் வைக்கச் சொன்னது இதை நினைத்துத்தான், அப்போது ராத்திரி 27, பகல் 28. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்கரைப் புழுக்கத்தில் இதே விசிறி ஒரு டிகிரி இறக்கினாலே பெரிய விஷயம், காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் ஆவியாகாது. மூடி திறந்திருந்தால் டெட்ரா துள்ளி வெளியே விழலாம், கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டிவிடுங்கள்.

விசிறி ஓடினால் நாளுக்கு ஒரு லிட்டர் வரை குறையும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கும். குறைந்ததை போர்வெல் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் கடினத்தன்மை ஏறும். உங்கள் பகுதிக்குச் சிறுவாணி வருகிறதென்றால் நிரப்ப அதைப் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர்.

ஐஸ் பாட்டில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் உருகி, தொட்டியின் சூட்டுக்கு வருவதற்குள் 50 லிட்டரை இரண்டு டிகிரி இறக்கும். அது உருகித் தீர்ந்ததும் தண்ணீர் பழையபடி ஏறும், மறுநாள் இன்னொரு பாட்டில். நாம் ஒழிக்க நினைக்கிற ஆட்டத்தை நாமே கையால் செய்கிற மாதிரி. 33-ஐத் தாண்டி மீன் மேலே வந்து வாய் பிளக்கிற அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) எல்லாம் பவளப்பாறைத் தொட்டி வைப்பவர்களுக்கு, உங்கள் தொட்டிக்கு அது தண்டச் செலவு. ஜன்னல் வெயில் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய டியூப் லைட்டு இருந்தால் எல்இடிக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் தண்ணீர் மாற்றுவது. தொட்டி 27-ல் அழகாக நிற்கும். ஞாயிறு மதியம் பாத்ரூம் குழாயைத் திறந்து பதினைந்து லிட்டர் பிடிப்பார்கள். மொட்டை மாடியில் வெயிலில் நிற்கிற கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் இருந்து வருகிற அந்தத் தண்ணீர் சித்திரையில் கையில் பிடிக்கவே சுடும், 40 டிகிரிக்குக் குறையாது. 35 லிட்டர் 27-ல் இருக்க, 15 லிட்டர் 40-ல் ஊற்றினால் மொத்தம் 31-ஆகிவிடும், ஐந்து நிமிடத்தில் நான்கு டிகிரி. மார்கழி விடிகாலையில் இதே டேங்கில் இருந்து வருவது எதிர்த்திசையில் குளிப்பாட்டும். இக் வந்த தொட்டிகளில் பாதிக்கு முந்தின வாரத் தண்ணீர் மாற்றம்தான் காரணம் என்பது என் சந்தேகம். முந்தின நாள் ராத்திரியே இரண்டு பக்கெட்டில் பிடித்து அதே அறையில் வைத்துவிடுங்கள், காலையில் ஏசியால் அது 23-க்கு வந்திருந்தால் வெந்நீர் கொஞ்சம் கலந்து, தெர்மோமீட்டரை விட்டுப் பார்த்து, ஒரு டிகிரிக்குள் வந்ததும் மெதுவாக ஊற்றுங்கள். பக்கெட்டில் திறந்து வைத்த தண்ணீரில் குளோரின் வாடையும் போயிருக்கும், ஆனாலும் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து விடுவதே பாதுகாப்பு.

கரண்ட் போனால் ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஏசியும் சேர்ந்துதானே நிற்கும், அறை தானாக ஏறிவிடும். ஏர் பம்பு நிற்பதுதான் பிரச்சினை. நான்கைந்து வாட் இழுக்கிற பம்பை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள், ஹீட்டரை மாட்டாதீர்கள், அது பேட்டரியைக் குடித்துவிடும். தொட்டியின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் அரை இஞ்ச் தெர்மாகோல் ஷீட் வெட்டி ஒட்டினால் இரவில் ஹீட்டருக்கு வேலை குறையும், ஏசிக் காற்று நேராக அந்தப் பக்கம் அடிக்கிறதென்றால் கட்டாயம் ஒட்டுங்கள். கீழே ஏற்கெனவே ஷீட் போட்டுத்தான் வைத்திருப்பீர்கள்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒன்று. ஏசியை 22-க்குப் பதில் 26-ல் வைத்து ஃபேனை ஓடவிட்டால் இந்தப் பிரச்சினையில் பாதி அன்றைக்கே தீர்ந்துவிடும், ஹீட்டருக்கும் 42 வாட்டுக்குப் பதில் இருபதுக்குள் போதும். வீட்டில் 22-தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றால் தொட்டியை ஹாலுக்கு மாற்றிவிடுங்கள். ஹாலில் கோடைப் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் நான்கு டிகிரிதான் இருக்கும், விசிறி ஒன்றே போதுமானதாகிவிடும். ஆனால் இக் தீர்ந்த பிறகு மாற்றுங்கள், அதுவும் தண்ணீரோடு தூக்காதீர்கள். நிரம்பிய தொட்டி கல்லோடு சேர்த்து எழுபது கிலோ வரை வரும், இரண்டு பேர் தூக்கும்போது ஒரு மூலை கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலே சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும். பழைய தண்ணீரில் முக்கால் பங்கைப் பக்கெட்டுகளில் பிடித்து, மீனையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் அதிலேயே போட்டு, கல்லை அள்ளி எடுத்து, காலித் தொட்டியை மட்டும் நகர்த்தி, அரை மணி நேரத்துக்குள் அதே தண்ணீரைத் திரும்ப விடுங்கள். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டாம், அதிலிருக்கும், அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா போய்விட்டால் அப்புறம் அம்மோனியாக் கேள்வியோடு திரும்ப வர வேண்டியிருக்கும்.